கல்யாணம் இல்லாத மாதங்களில் ஒரு பேண்டு செட்

பேண்டு செட்டுகள் கலைவது பெரும்பாலும் ஆடியிலோ மார்கழியிலோதான். முகூர்த்தம் இருக்கிற மாதங்களில் உள்ளுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் செட் ஓடிவிடும். முகூர்த்தம் நின்றதும் ட்ரம்பெட் ஊதுகிறவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார். சைடு டிரம் அடிக்கிற பையன் தவணையில் ஆட்டோ எடுப்பான். தை பிறந்து, அச்சாரம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பினால், "அண்ணே, இந்தத் தடவ மட்டும் வேற யாரையாச்சும் வச்சு ஓட்டிக்கங்க" என்று பதில் வரும். நாலைந்து பேர் இப்படிச் சொன்னால் அந்த செட் முடிந்தது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் என் அப்பா காலத்துச் செட்டுகள் பலவும் இப்படிச் சத்தமில்லாமல்தான் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் நசுங்கிய யூஃபோனியம் (கனமான பித்தளை ஊதுவாத்தியம்) அலங்காரத்துக்குத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஊதுகிறவர் யாராக இருந்திருப்பார் என்று என்னால் ஊகிக்கவும் முடிந்தது.

நான் கிளாரினெட் வாசிக்கிறவன். பகலில் காரைக்குடியில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை. எங்கள் செட்டுக்கு ஊர் கானாடுகாத்தான் பக்கம். இன்று இதைத் தாங்கிக்கொண்டிருப்பவை மூன்று இடங்கள்: ஓர் உதவிபெறும் பள்ளிக்கூடம், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பொறுப்பில் இருக்கிற ஒரு நகரச் சிவன் கோயில், விருந்தினர் விடுதியாக மாறிய ஒரு செட்டிநாட்டு வீடு. இவர்களிடம் எப்படிப் பேசினோம், எதை எழுதி வாங்கினோம், எது சரிவரவில்லை என்பதை, இதே அல்லாட்டத்தில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். நாதஸ்வர செட்டோ நையாண்டி மேளமோ நடத்துகிறவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

யாரிடமும் போய் நிற்பதற்கு முன்னால் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதினோம். எந்த மாதத்தில் வேலை, எந்த மாதத்தில் இல்லை என்று. தை, மாசி, பங்குனியில் கல்யாணமும் காவடியும் பால்குடமும். சித்திரை, வைகாசியில் தேர், திருவிழா, மறுபடி கல்யாணம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் அம்மன் கோயில்கள் கூப்பிடும். ஆவணியில் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியை ஒட்டி ஊர் ஊருக்குப் பிள்ளையார் ஊர்வலம். புரட்டாசி மந்தம். மார்கழி சுத்தமாகக் காலி. தேவாலயங்கள் கிறிஸ்துமஸ் பவனிக்குக் கூப்பிட்டால் உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டோம்: நமக்கு வேலை இல்லாத மாதத்தில் நம் ஊரில் யாருக்குக் கூட்டம் வருகிறது?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், யோசிக்கத்தான் இல்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வருவது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில். வெயில் குறைந்த காலம். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் வந்து தங்குகிறவர்கள் இன்னும் கூடியிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கல்யாண மண்டபம் எங்களுக்குக் கதவைச் சாத்துகிற அதே மார்கழியில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கார்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்துக்கோ ஜூலை 15 காமராசர் பிறந்த நாளிலிருந்து வேலை தொடங்கும். ஆகஸ்ட் 15, விளையாட்டு விழா, ஜனவரி 26, ஆண்டு விழா. மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. பிள்ளைகளைத் தொடவே முடியாது. அது எங்களுக்கு வசதி, பங்குனியில் எங்களுக்கே நேரம் இருக்காது. கோயிலுக்கு வருஷம் முழுக்க விசேஷம். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய எந்த மாதமும் காலியாக இல்லை.

என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். நன்கொடை கேட்டுப் போனால் ஒரு தடவை கிடைக்கும். மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் யூனிஃபார்ம் எடுத்துக் கொடுத்தார், சந்தோஷம்; ஆனால் யூனிஃபார்ம் போட்டுக்கொள்ள அடுத்த வருஷம் ஆள் இருக்க வேண்டுமே. ஆள் நிற்க வேண்டுமென்றால் மாதாமாதம் கையில் ஏதாவது வர வேண்டும். அதனால் நாங்கள் யாரிடமும் "கலையைக் காப்பாத்துங்க" என்று கேட்கவில்லை. உங்களுக்கு இந்தத் தேதியில் இது தேவைப்படுகிறது, எங்களால் தர முடியும் என்றுதான் பேச்சைத் தொடங்கினோம்.

பள்ளிக்கூடத்தில் பேண்டு என்ற பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், தாளம், சுருதி சேராத பியூகிள். பி.இ.டி. சார் விசில் அடித்தால் பிள்ளைகள் அடிப்பார்கள். ஸ்டோர் ரூமில் ட்ரம்பெட்டுகளும் இருந்தன, பழைய மாணவர்கள் எப்போதோ வாங்கிக் கொடுத்தவை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் பச்சை ஏறிக் கிடந்தன. தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" நாங்கள் கேட்டது ஓர் அறை. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் எங்கள் செட் அங்கே பழகிக்கொள்ளும், சாமானை அங்கேயே வைத்துப் பூட்டிக்கொள்ளும். பதிலுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோம், பள்ளி விழாக்களுக்குக் கூடவே நின்று வாசிப்போம். பழக இடம் இல்லாமல்தான் பாதிச் செட்டுகள் தரம் இழக்கின்றன. தெருவில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், கண்மாய்க்கரையில் ஊதினால் கொசு. பூட்டுப்போட்ட ஓர் அறை கிடைத்ததும் செட்டில் இருந்தவர்களின் நடையே மாறியது.

ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. வரும் என்று தெரியும். "எம் புள்ள நாளைக்குச் சாவு வீட்டுக்குப் போயி ஊதணுமா சார்?" என்று ஓர் அம்மா எழுந்து கேட்டார். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை. எங்கள் செட் கல்யாணத்துக்கும் வாசிக்கும், துட்டிக்கும், அதாவது சாவுக்கும், வாசிக்கும். துட்டி வேலை இல்லாவிட்டால் எங்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. துட்டிக்குப் போகிற செட்டைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டேன் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். எங்கள் மாஸ்டர் அந்த அம்மாவிடம் கோபப்படவில்லை. "ஆத்தா, சாவு வீட்டுல வாசிக்கிறது கேவலம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க புள்ளைய கல்யாணத்துக்கும் கூட்டிட்டுப் போக மாட்டேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியில அது படிக்கிற புள்ள" என்றார். அதையே ஒப்பந்தத்தில் எழுதினோம்: பதினெட்டு வயது முடியாத எவரையும் எந்த வெளி நிகழ்ச்சிக்கும், கூலிக்கோ கூலி இல்லாமலோ, செட் கூட்டிப்போகாது. பள்ளியின் சொந்த விழா, பள்ளி அனுப்புகிற போட்டி, இரண்டு மட்டும் விலக்கு. பிள்ளைகளை வைத்து வேலை பார்க்க எந்தச் செட் நினைத்தாலும் அது முதல் வருஷத்திலேயே முடிந்துவிடும், முடியவும் வேண்டும்.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். ட்ரம்பெட்டைப் பிள்ளை கையில் முதல் நாளே கொடுக்கக் கூடாது. மவுத்பீஸை மட்டும் கொடுத்து, உதட்டைச் சேர்த்து 'ப்ர்ர்' என்று அதிரவைக்கச் சொல்ல வேண்டும். முன்பல் விழுந்து முளைக்காத பிள்ளைக்கு டிரம் குச்சிதான். டிரம்முக்கும் முதலில் டிரம் வேண்டாம், பலகை போதும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்களின் சாபமும் இருக்காது. பாட்டு என்று வரும்போது சினிமாப் பாட்டில் தொடங்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை. நாங்கள் நோட்டுஸ்வரத்தில் தொடங்கினோம்.

அதற்குக் காரணம் உண்டு. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) காலத்திலேயே அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்கள் வைத்த பேண்டு இருந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டிலேயே ஒன்று இருக்கிறது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, நேர் நேரான ஸ்வரம், நடை போடத் தோதான தாளம். மூன்று வால்வு வைத்து ஊதுகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. பேண்டிலிருந்து கர்நாடக சங்கீதத்துக்குப் போனதை மறுபடி பேண்டுக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். பாட்டு டீச்சருக்கும் தெரிந்த உருப்படி என்பதால் பிரேயரில் பாடவும் ஊதவும் ஒன்றாகப் போயிற்று.

சாமான் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பள்ளிச் சாமான் எது, செட் சாமான் எது, தனிநபர் சாமான் எது என்று ஒரு பதிவேடு. வாத்தியத்தில் பொறித்திருக்கிற எண்ணையும், நசுங்கல் எங்கே என்பதையும் எழுதி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். நாளைக்குத் தலைமை ஆசிரியை மாறுவார், செட் மாஸ்டர் மாறுவார். அப்போது "இது எங்க யூஃபோனியம்" என்ற சண்டை வரும். வேறோர் ஊரில் ஒரு செட் இந்தச் சண்டையில்தான் உடைந்தது.

புதிய வாத்தியம் வாங்குவதைவிடப் பழையதைச் சரிசெய்வது நல்லது என்பது என் கட்சி. வட இந்தியாவில் மீரட்டின் ஜாலி கோட்டி பேண்டு வாத்தியத்துக்குப் பேர் போன இடம். நாதிர் அலி கம்பெனி அங்கே 1885-இல் தொடங்கியது. அந்தக் காலத்துச் சரக்கு கனமாக இருக்கும். இப்போது மலிவாக வருகிற ட்ரம்பெட்டுகளில் வால்வு சீக்கிரம் இளகிவிடுகிறது. நசுங்கலை எடுக்கப் பாத்திரப் பட்டறைக்காரரே போதும், பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தட்டக் கூடாது என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் வேண்டும். வால்வுக்கென்று விற்கிற எண்ணெயைத்தான் விட வேண்டும். எங்கள் பெரியவர்கள் தேங்காயெண்ணெய் விடுவார்கள். சித்திரையில் ஒன்றும் தெரியாது. மார்கழி விடியலில் அது உறைந்து வால்வு ஒட்டிக்கொள்ளும், வாத்தியத்தைக் குறை சொல்வார்கள். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும். துடைத்துவிட்டு மாற்றிச் செருகினால் காற்றே போகாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தந்த பிறகு ரிப்பேர் என்று வருவதே குறைந்துவிட்டது.

கோயில் பேச்சு வேறு மாதிரி. நகரச் சிவன் கோயில்களில் நிர்வாகம் பார்க்கிற காரியக்காரர்கள் முறை வைத்து மாறுவார்கள். இன்று பேசிச் சம்மதம் வாங்கினவர் நாளை பொறுப்பில் இருக்க மாட்டார். அதனால் வாய்ச்சொல் வேண்டாம், நகரக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். காரியக்காரர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "என்னப்பா, எங்க கணக்க எங்களுக்கே சொல்லித்தர்றியா?" என்றார். கணக்கில் நகரத்தாருக்குச் சொல்லித்தர யாரால் முடியும். ஆனால் எழுதினார்கள். வருஷத்தில் இன்னின்ன விசேஷங்களுக்குச் செட் வரும், அதற்கு மொத்தமாக ஒரு தொகை, அது மூன்று தவணையில், ஒரு தவணை மார்கழிக்குள் என்று. தொகையைவிட அந்த மார்கழித் தவணைதான் எங்களுக்குப் பெரிது. மொத்தத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் அதை வாங்கினோம்.

மேளக்காரர்களோடு மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்வது இதில் முக்கியம். நாயனமும் தவிலும் சுவாமிக்குப் பக்கத்தில். பேண்டு ஊர்வலத்தின் முகப்பில். அவர்கள் வாசிக்கும்போது நாங்கள் நிறுத்துவோம். மரியாதை ஒரு பக்கம், சுருதியும் ஒரு காரணம். கட்டை என்பது சுருதியின் அளவு. பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டை. எங்கள் ட்ரம்பெட் வால்வை அமுக்காமல் ஊதினால் நிற்கிற இடம் ஆறரைக் கட்டை. இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டால் சாமியே இறங்கி ஓடிவிடும். யார் எப்போது வாசிப்பது என்று கோயில் வாசலிலேயே நாயனக்கார அண்ணனிடம் கேட்டுக்கொள்வோம். இன்று எங்களுக்கு வருகிற கல்யாண ஆர்டரில் சில அவர் சொல்லி வருவதுதான்.

விடுதியாகியிருக்கிற வீட்டோடுதான் அதிகம் இழுபறி. முதலில் நாங்கள் பேசியது விடுதி இல்லை, பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீடு. ஆச்சி சென்னையில் இருந்தார், போனில் தங்கமாகப் பேசினார். "தாராளமா வாசிங்கப்பா, வீட்டுல சத்தம் கேட்டா நல்லதுதான்." ஆனால் வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில். எல்லோர் சம்மதமும் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அதை விட்டுவிட்டு, ஒரே கை நிர்வாகத்தில் இருக்கிற விடுதிக்குப் போனோம். செட்டிநாட்டில் வீட்டை நம்பி ஏதாவது திட்டம் போடுகிறவர்கள் முதலில் பங்காளிக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதி மேலாளர் கேட்டது வாசலில் வரவேற்பு, முழு செட்டும் தொப்பியோடு. வாசலில் அது சரி. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வளவுக்குள் (முற்றம் உள்ள உள்கட்டு) வாசிக்க வேண்டும் என்றபோதுதான் சிக்கல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி மழமழவென்று சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ட்ரம்பெட் ஒன்று ஊதினால் நாலு கேட்கும். பட்டாலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து உள்ளே ஐந்து பேர் மட்டும்: இரண்டு கிளாரினெட், ஒரு யூஃபோனியம், குழல் வாயில் சத்தம் குறைக்கிற மியூட் செருகிய ஒரு ட்ரம்பெட், குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் தட்டுகிற ஒரு சைடு டிரம். சுருதியும் கவனிக்க வேண்டும். குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். தெருவில் ஊதிவிட்டு மார்கழிக் குளிரில் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்ததும் சேர்த்துக்கொள்ளாமல் தொடங்கினால் யூஃபோனியமும் கிளாரினெட்டும் தனித்தனி ஊரில் நிற்கும்.

என்ன வாசிப்பது என்பதிலும் ஒரு பேச்சு நடந்தது. வெளிநாட்டு விருந்தினருக்கு அவர்கள் ஊர்ப் பாட்டையே வாசித்தால் என்ன என்றார்கள். வாசிக்கலாம், தெரியும். ஆனால் அவர்கள் பார்க்க வந்தது இந்த ஊரை. மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன வாசிப்போம், காவடி கிளம்பும்போது என்ன நடை அடிப்போம் என்று ஒருவர் இரண்டு வரி சொல்லிவிட்டு அதையே வாசிக்கிறோம். துட்டி ஊர்வலத்து நடையைக் கேட்டவர்களும் உண்டு. விடுதிக்குள் அதை வாசிப்பதில்லை, ஊர் ஒப்பாது. வந்தவர்கள் தருகிற இனாம் தனிப்பட்ட யார் பைக்கும் போகாமல் பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். முன்வரிசையில் நிற்கிற ட்ரம்பெட்காரரிடமே எல்லோரும் நீட்டுவார்கள். பின்னால் பேஸ் டிரம் சுமக்கிறவர் கண்ணில் படவே மாட்டார்.

இந்த மூன்று பேரோடும் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு பெயரும் வங்கிக் கணக்கும் வேண்டியிருந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை. பதிவதைவிட, வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்வதில்தான் சங்கங்கள் கோட்டை விடுகின்றன. எங்களில் ஒருவரின் மகள் பி.காம். படித்தவள், அவளைச் செயலாளர் ஆக்கினோம். கணக்கில் கையெழுத்து இரண்டு பேர், ஒருவர் வாசிக்கிறவர், ஒருவர் வாசிக்காதவர். வருகிற பணத்தில் ஆள் பங்கு போக ஒரு பங்கு வாத்தியத்துக்கு என்று முன்பெல்லாம் மாஸ்டர் எடுத்துக்கொள்வார், அந்தக் காலத்தில் சாமான் அவருடையது. இப்போது அந்தப் பங்கு சங்கத்துக்கு வருகிறது. இதற்கு மாஸ்டர் சம்மதித்ததுதான் இந்தக் கதையில் பெரிய விஷயம். அவர் சாமானுக்குச் சங்கம் தவணையில் விலை கொடுத்து முடித்தது. யாரையும் தியாகம் செய்யச் சொல்லி ஒரு செட்டை நடத்த முடியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டி.ஜே. வண்டி வந்தால் எங்களை நிறுத்திவிடுகிறார்கள். கேரளச் செண்டை மேளத்துக்குக் கொடுக்கிற தொகையை எங்களிடம் வரும்போது பேரம் பேசுகிறார்கள். யூஃபோனியத்துக்கு இன்னும் ஒரே ஆள்தான், அவருக்கு மூச்சு முன்னைப்போல் இல்லை. கனமான வாத்தியத்தைத் தொடப் பிள்ளைகள் வருவதில்லை, எல்லோருக்கும் ட்ரம்பெட்தான் வேண்டும்.

ஆனால் பள்ளியில் எங்களிடம் கற்றுக்கொண்டு முடித்தவர்களில் சிலர் காரைக்குடியிலேயே கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது. அதில் இரண்டு பெண் பிள்ளைகள் செட்டோடு வாசிக்க வருகிறோம் என்று கேட்டார்கள். சங்கக் கூட்டத்தில் நீண்ட விவாதம். ராத்திரி ஊர்வலம், குடித்துவிட்டு முன்னால் ஆடுகிற கூட்டம், திரும்பி வர வண்டி என்று பெரியவர்கள் அடுக்கினார்கள். எல்லாம் நியாயமான கவலைதான். பகல் நிகழ்ச்சி, கோயில், விடுதி மட்டும், வீட்டு வாசல் வரை வண்டி, சம பங்கு என்று தீர்மானம் ஆயிற்று. தையில் ஒரு கல்யாணத்துக்கு அவர்களையும் சேர்த்தே அச்சாரம் வாங்கியாகிவிட்டது. யூனிஃபார்முக்கு அளவு எடுத்த டெய்லர், தோளில் அந்தச் சரிகைக் குஞ்சம் வைக்கவா என்று கேட்டிருக்கிறார். ட்ரம்பெட்டைத் தூக்கினால் கன்னத்தில் குத்துகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எங்களுக்கும் அது இத்தனை வருஷமாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை எல்லாருடைய சட்டையிலிருந்தும் அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.